ரெஜைனா களிமண் மீது ஒரு தொழிற்கூடத் தளம்: 106 மி.மீ. எழுச்சியும் அதைக் கணக்கிட்ட வழியும்

பின்னணி

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத் தலைநகர் ரெஜைனா. பனியுகத்தின் இறுதியில் அங்கே தேங்கியிருந்த பெரிய ஏரியின் அடியில் படிந்த களிமண்தான் ஊரின் அடித்தரை. ஆண்டு மழையையும் பனியையும் சேர்த்தாலும் 400 மி.மீட்டரை எட்டாத வறண்ட சமவெளி அது. கோடையில் தரையிலிருந்து ஆவியாகக் காத்திருக்கும் நீரின் அளவு, வானம் தருவதைவிடக் கூடுதல். அதனால் மேல்மட்டக் களிமண் எப்போதும் தாகத்தோடு இருக்கிறது. அதில் மான்ட்மொரிலோனைட் வகைக் கனிமம் மிகுதி. நீர்ம வரம்பு (மண் நீர்மம்போல ஓடத் தொடங்கும் ஈர அளவு) சராசரியாக 77 சதவீதம், குழைம வரம்பு (பிசையும் பதம் தொடங்கும் ஈர அளவு) 33 சதவீதம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் வேலை செய்தவர்களுக்கு இந்த எண்கள் புதிதல்ல. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் வீங்கும் மண் இது.

இத்தகைய மண்ணில் துளைகள் முழுவதும் நீரால் நிறைந்திருப்பதில்லை. நீரும் காற்றும் கலந்திருக்கின்றன. நீர் மெல்லிய படலங்களாகத் துகள்களைப் பற்றிக்கொண்டு, காற்றழுத்தத்தைவிடக் குறைந்த அழுத்தத்தில், இழுவிசையில் நிற்கிறது. காற்றழுத்தத்துக்கும் நீரழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை உறிஞ்சழுத்தம் என்கிறோம். காய்ந்த களிமண்ணில் அது பல நூறு கிலோபாஸ்கலாக இருப்பது சாதாரணம். மண்ணை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது இதுதான். இந்தப் பிடி தளர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தெளிவாகப் பதிவான சான்றுகளில் ஒன்று, ரெஜைனாவில் கட்டப்பட்ட ஒரு சிறு தொழிற்கூடம். அதன் உரிமையாளரும் ஆய்வாளர்களும் இங்கே பெயரின்றியே வருகிறார்கள்.

1961: கட்டடமும் கருவிகளும்

1961 ஆகஸ்டில் கட்டடம் எழுந்தது. பாரம் குறைந்த கட்டடம். தரைத்தளம் நேரடியாக மண்ணின் மீது அமர்ந்த கான்கிரீட் பலகை. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த கட்டட ஆராய்ச்சிப் பிரிவினர், கட்டும்போதே இதைக் கண்காணிப்பு இடமாகத் தேர்ந்துகொண்டார்கள். அசையாத ஆழத்தில் ஒரு நிலைக்குறியை நட்டார்கள். பழைய தரைமட்டத்திலிருந்து 0.58 மீட்டர், 0.85 மீட்டர், 2.39 மீட்டர் ஆழங்களில் செங்குத்து நகர்வு அளவிகளைப் பதித்தார்கள். நியூட்ரான் ஈரமானியை இறக்குவதற்கு ஒரு குழாயும் வைத்தார்கள்.

இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். பெரும்பாலான கட்டடங்களில் அளவெடுப்பு தொடங்குவதே விரிசல் கண்ட பிறகுதான். அப்போது தொடக்க நிலை என்ன என்று கேட்டால் பதில் இருக்காது. இங்கே எந்தக் கோளாறும் தோன்றுவதற்கு முன்பே, மண் எந்த மட்டத்தில் இருந்தது, எவ்வளவு ஈரத்தோடு இருந்தது என்று எழுதி வைக்கப்பட்டுவிட்டது. பின்னால் வந்த கணக்குகள் அத்தனைக்கும் இதுவே கடைக்கால்.

1962 ஆகஸ்ட்: கண்டவை

கட்டி ஓராண்டு ஆன நிலையில், 1962 ஆகஸ்ட் தொடக்கத்தில், தளம் மேலெழுந்து விரிசல் விட்டிருப்பதை உரிமையாளர் பார்த்தார். கட்டடத்தின் தண்ணீர்ச் செலவு வழக்கத்தைவிட ஏறத்தாழ 35,000 லிட்டர் கூடியிருந்ததும் அவர் கண்ணில் பட்டது. தேடியபோது, தளத்துக்கு அடியில் ஓடிய சுடுநீர்க் குழாயில் கசிவு இருந்தது. குழாயை உடனே பழுதுபார்த்தார்கள். மட்ட அளவெடுப்பின் அடிப்படையில் மிகப்பெரிய எழுச்சி 106 மி.மீ. என்று மதிப்பிடப்பட்டது.

நான்கு விரல் அகலத்தைத் தாண்டிய எழுச்சி இது. மெல்லிய தளம் இதை எல்லா இடத்திலும் ஒரே அளவாக எழும்பினால் தாங்கிக்கொள்ளும். கசிவு இருக்கும் பக்கம் உயர்ந்து மறுபக்கம் அசையாமல் இருந்தால் தாங்காது.

கசிந்த நீர் இதற்குப் போதுமா என்ற கேள்வி முதலில் எழும். 35,000 லிட்டர் என்பது 35 கன மீட்டர். ஒரு ஒப்பீட்டுக்காக, பக்கத்துக்கு 16 மீட்டர் கொண்ட சதுரப் பரப்பு சராசரியாக 50 மி.மீ. எழுந்ததாக வைத்துக்கொள்ளலாம். கூடிய கன அளவு 12.8 கன மீட்டர். எழுச்சிக்குச் செல்லும் நீர் போக, ஏற்கெனவே காற்று இருந்த துளைகளை நிரப்பவும், பக்கவாட்டில் வழிந்து போகவும் மிச்சம் நிறைய இருக்கிறது. ஆகவே நீர்க்கணக்கு பொருந்துகிறது.

ஆனால் குழாய்தான் ஒரே காரணம் என்று அங்கேயே கோப்பை மூடிவிடுவது சரியல்ல. மண்ணில் சேர்ந்திருந்த உறிஞ்சழுத்தம்தான் எழுச்சியின் மூலதனம். வானத்தைப் பார்த்துக் கிடந்த தரையைக் கான்கிரீட் மூடிய நாளிலிருந்தே ஆவியாதல் நின்றுவிட்டது. கசிவே இல்லாமல் இருந்திருந்தாலும் அடியிலிருந்து ஈரம் மெல்ல மேலேறி, தளத்தின் நடுப்பகுதி ஓரளவு எழுந்திருக்கும். கசிவு செய்தது இரண்டு: முடிவுநிலையை இன்னும் ஈரமான பக்கத்துக்குத் தள்ளியது, பல ஆண்டுகள் எடுத்திருக்கக்கூடிய மாற்றத்தைச் சில மாதங்களில் முடித்தது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கணித மாதிரி எழுத முடியாது.

அன்றைய கோட்பாடு நின்ற இடம்

நீர் நிறைந்த களிமண் பாரத்தின் கீழ் கெட்டிப்படுவதை மண்ணியக்கவியலாளர் டெர்சாகி 1920களிலேயே வகைக்கெழுச் சமன்பாடாக எழுதிவிட்டார். பாரம் ஏறியவுடன் துளைநீர் அழுத்தம் உயர்கிறது. நீர் வெளியேற வெளியேற அந்த அழுத்தம் இறங்கி, பாரம் மண் எலும்புக்கூட்டுக்கு மாறுகிறது. 1941இல் பியோ அதை முப்பரிமாணத்துக்கு விரித்தார். காற்றும் நீரும் கலந்த மண்ணுக்கு பிஷப் 1959இல் ஒரு வழி சொன்னார்: உறிஞ்சழுத்தத்தை ஒரு குணகத்தால் பெருக்கி, பாரம் தரும் தகைவோடு (பரப்பலகுக்கு விழும் விசையோடு) கூட்டி, மண் எலும்புக்கூடு தாங்கும் பயனுறு தகைவாக எடுத்துக்கொள்ளலாம்.

ரெஜைனா தளம் விரிசல் விட்ட அதே 1962இல், ஜென்னிங்ஸும் பர்லேண்டும் அந்த வழியின் எல்லையைக் காட்டினார்கள். சில மண்வகைகள் பாரத்தின் கீழ் நனைந்தவுடன் வீங்காமல் சரிந்து அமுங்குகின்றன. பிஷப் சமன்பாட்டின்படி நனைதல் பயனுறு தகைவைக் குறைக்கிறது. அப்படியானால் மண் விரிய வேண்டும். நேர் எதிராக நடக்கும் மண்ணை ஒரே தகைவு எண்ணால் விளக்க இயலாது என்பது அவர்கள் வாதம். 1970களில் ஃபிரெட்லண்டும் மார்கென்ஸ்டெர்னும் இதற்கு நிலையான அடித்தளம் போட்டார்கள்: மொத்தத் தகைவிலிருந்து காற்றழுத்தத்தைக் கழித்த நிகரத் தகைவு ஒன்று, உறிஞ்சழுத்தம் மற்றொன்று. இரண்டும் தனித்தனி மாறிகள். ஒன்றை மற்றொன்றில் கரைக்கக் கூடாது.

1979இல் ஃபிரெட்லண்டும் ஹசனும் இதன்மேல் ஒரு பரிமாணக் கெட்டிப்படுதல் கோட்பாட்டைக் கட்டினார்கள். அதில் இரண்டு பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் உண்டு. ஒன்று நீரின் ஓட்டத்துக்கு, ஒன்று காற்றின் ஓட்டத்துக்கு. இரண்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ரெஜைனா தளத்தின் மொத்த எழுச்சியைக் கணக்கிட்டுக் காட்டிய ஆய்வு 1983இல் வெளியானது. முழுக் கோட்பாட்டை அப்படியே இறக்காமல், நிலைமைக்கு ஏற்பச் சுருக்கியதுதான் அதன் பலம். அந்தச் சுருக்கம் எதில் நிற்கிறது என்பதை என் சொற்களில் சொல்கிறேன்.

முதலாவது, காற்று. தரைக்கு அருகில் வெடிப்புகள் நிறைந்த களிமண்ணில் துளைக்காற்று வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்கிறது. அதன் அழுத்தம் மாறுவதில்லை. எனவே காற்றுக்கான சமன்பாட்டை விட்டுவிடலாம். (இறுக்கிக் கொட்டிய மண் அணையில் இது பொருந்தாது. அங்கே சிறைப்பட்ட காற்று அமுங்கும், நீரில் கரையும். அதைக் கணக்கில் எடுக்காமல் கட்டுமானக் காலத் துளையழுத்தத்தைச் சொல்ல முடியாது.)

இரண்டாவது, பாரம். இவ்வளவு இலேசான கட்டடத் தளம் மண்ணுக்குத் தருவது சில கிலோபாஸ்கல் மட்டுமே. மேல்மட்டக் களிமண்ணின் வீக்க அழுத்தம் (நனையும் மண்ணை விரியாமல் பிடித்து வைக்கத் தேவையான அழுத்தம்) நூற்றுக்கணக்கில் இருக்கிறது. நிகரத் தகைவு ஏறக்குறைய மாறவில்லை, மாறியது உறிஞ்சழுத்தம். வழக்கமான கெட்டிப்படுதல் கணக்கின் அதே சமன்பாடு இங்கே எதிர்த்திசையில் ஓடுகிறது. அங்கே பாரம் ஏறி நீர் வெளியேறுகிறது. இங்கே பாரம் அப்படியே இருக்க நீர் உள்ளே புகுகிறது.

மூன்றாவது முடிவுதான் என் கணிப்பில் மிக முக்கியமானது. மொத்த எழுச்சியைக் காலக்கணக்கிலிருந்து பிரித்துவிட்டார்கள். மண் எங்கே தொடங்கியது, எங்கே முடிகிறது என்ற இரண்டு நிலைகள் தெரிந்தால் மொத்த எழுச்சி கிடைத்துவிடும். இடையில் நீர் எந்த வழியாக, எவ்வளவு வேகமாகப் போனது என்பது அதற்குத் தேவையில்லை. ஊடுருதிறன் (மண் நீரைக் கடத்தும் திறன்) என்ற மிக நிச்சயமற்ற எண்ணை இதனால் கணக்கின் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்த முடிந்தது.

தொடக்க நிலையை ஆய்வகத்தில் எடுப்பது எப்படி? மாறாக் கன அளவுச் சோதனை. எஃகு வளையத்துக்குள் களிமண் வில்லை, சிறு பாரம், பிறகு நீர். சில நிமிடங்களில் அளவுமானியின் முள் நகரப் பார்க்கும். சோதிப்பவர் எடையைக் கூட்டி முள்ளைப் பூச்சியத்திலேயே பிடித்து வைக்கிறார். மீண்டும் நகரப் பார்க்கிறது, மீண்டும் எடை. ஒரு கட்டத்தில் வில்லை விரிய முயல்வதை விட்டுவிடும். அந்த எடை தரும் அழுத்தமே வீக்க அழுத்தம். அதன்பின் மேலும் பாரமேற்றி, படிப்படியாக இறக்கும்போது கிடைக்கும் கோட்டின் சாய்வு வீக்கக் குறியெண்.

இந்த அழுத்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் தவறு வரும். மாதிரியைத் தோண்டி எடுத்து, வெட்டி, வளையத்தில் நுழைக்கும்போது மண்ணின் கட்டமைப்பு குலைகிறது. சோதனை காட்டும் வீக்க அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். முன்கெட்டிப்படுதல் அழுத்தத்தை (மண் முன்பு தாங்கிய மிகப்பெரிய அழுத்தத்தை) கண்டறிய கசாகிராண்டே வரைந்த கட்டமைப்பைப் போன்ற ஒரு வரைமுறையால் அதைத் திருத்துகிறார்கள். திருத்திய அழுத்தம், மேல்மண் பாரமும் உறிஞ்சழுத்தத்துக்கு நிகரான பாரமும் சேர்ந்த தொகை. உறிஞ்சழுத்தத்தை நேரடியாக அளக்காமலேயே அதன் விளைவைப் பாரத்தின் மொழியில் பெற்றுவிடும் இந்த உத்தி, அளவுக்கருவிகள் அரிதாக இருந்த காலத்துக்கு மிகப் பொருத்தம்.

இந்த மண்ணின் சராசரி வீக்கக் குறியெண் 0.09, தொடக்க வெற்றிட விகிதம் (துளைகளின் கன அளவுக்கும் திடத் துகள்களின் கன அளவுக்கும் உள்ள விகிதம்) 0.962. வீங்கும் பகுதியின் ஆழம் 2.3 மீட்டர் அளவில் எடுக்கப்பட்டது.

முடிவுநிலை என்ற முடிச்சு

கணக்கு இப்படி ஓடுகிறது: வீக்கக் குறியெண்ணை, ஒன்றோடு வெற்றிட விகிதத்தைக் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். அதை அடுக்கின் தடிமனால் பெருக்கி, தொடக்க அழுத்தத்துக்கும் முடிவு அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தின் 10 அடிமான மடக்கையால் மீண்டும் பெருக்கினால் அந்த அடுக்கின் எழுச்சி வந்துவிடும். அடுக்குகளைக் கூட்டினால் மொத்தம்.

மேற்சொன்ன குறியெண்ணையும் வெற்றிட விகிதத்தையும் வைத்து, மற்றவற்றை எடுத்துக்காட்டுக்காக நானே எடுத்துக்கொண்டு, அரை மீட்டர் தடிமன் கொண்ட ஒரே ஓர் அடுக்கைப் பார்க்கிறேன். தொடக்க அழுத்தம் 300 கிலோபாஸ்கல், மேல்மண்ணும் தளமும் சேர்ந்த பாரம் 20 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். இறுதியில் துளைநீர் அழுத்தம் பூச்சியம் ஆகிவிட்டால், முடிவு அழுத்தம் 20. விகிதம் 15. எழுச்சி 27 மி.மீ. அதே அடுக்கில் இறுதியிலும் 50 கிலோபாஸ்கல் உறிஞ்சழுத்தம் மிஞ்சியிருந்தால், முடிவு அழுத்தம் 70. எழுச்சி 14.5 மி.மீ. மட்டுமே.

மண்ணின் பண்புகளில் எதையும் தொடவில்லை. முடிவில் எவ்வளவு ஈரம் என்ற ஒரே அனுமானத்தை மாற்றினோம். விடை ஏறத்தாழப் பாதியானது. 300இலிருந்து 70 வரை 230 கிலோபாஸ்கல் இறங்கியபோது கிடைத்த எழுச்சிக்குக் கிட்டத்தட்ட நிகராக, கடைசி 50 கிலோபாஸ்கலின் இழப்பு 12.5 மி.மீ. தருகிறது. மடக்கையின் இயல்பு அது. தளத்தின் ஒரு மூலையில் குழாய் கசிந்து நீரழுத்தம் பூச்சியத்தைத் தொட, மறுமூலையில் சிறிது உறிஞ்சழுத்தம் மிஞ்சியிருந்தாலே, பலகை உடைவதற்கு அந்த வேறுபாடு போதும்.

முடிவுநிலைக்குப் பொதுவாக மூன்று தெரிவுகள் உண்டு. நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறிவிட்டதாகக் கொள்ளலாம். நீரழுத்தம் எங்கும் பூச்சியம் என்று கொள்ளலாம். அல்லது சிறிதளவு எதிர்மறையில் நிலைபெறும் என்று கொள்ளலாம். ரெஜைனாவில் கசிவு நடந்தது உறுதியாகத் தெரிந்ததால் தெரிவு எளிதாயிற்று. கணக்கிட்ட மொத்த எழுச்சி, அளந்த 106 மி.மீட்டருக்கு நெருக்கமாக வந்தது. இந்த நெருக்கத்தைக் கோட்பாட்டின் வெற்றி என்று கொண்டாடுகிறவர்கள், முடிவுநிலை முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டுவதற்கு முன் கணக்கிடும் பொறியாளருக்கு அந்த வசதி கிடையாது.

எவ்வளவு காலத்தில்?

காலக்கணக்குக்கு நீரோட்டச் சமன்பாடு வேண்டும். மண்ணுக்குள் ஈரம் பரவும் வேகத்தைக் குறிக்கும் பரவல் கெழுவை வினாடிக்குப் பத்துக் கோடியில் ஒரு பங்கு சதுர மீட்டர் என்று, விரிசலில்லாத களிமண்ணுக்குப் பொருந்தும் ஓர் எண்ணாக எடுத்துக்கொள்கிறேன். 2.3 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பக்கம் வழியாக மட்டும் நீர் புகுந்தால், 90 சதவீத மாற்றத்துக்கு ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகும். ரெஜைனாவில் எல்லாமே கட்டிய ஓராண்டுக்குள் நடந்து முடிந்துவிட்டது. அப்படியானால் நீர் களிமண்ணின் உடலுக்குள் ஊறி ஊறிச் செல்லவில்லை. காய்ந்தபோது திறந்திருந்த வெடிப்புகள் வழியாக முதலில் ஆழத்துக்கு இறங்கி, அங்கிருந்து இரு புறமும் கட்டிகளுக்குள் புகுந்திருக்க வேண்டும். வெடிப்புகளுக்கு இடைப்பட்ட கட்டியின் தடிமன்தான் அப்போது பாதையின் நீளம். பாதை பாதியானால் காலம் நான்கில் ஒன்றாகும்.

இன்னொரு சிக்கலும் இதனுள் இருக்கிறது. மண் வீங்க வீங்க வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. ஊடுருதிறன் உறிஞ்சழுத்தத்தோடும் மாறுகிறது, வெற்றிட விகிதத்தோடும் மாறுகிறது. பரவல் கெழு என்ற ஒரே மாறிலியை வைத்துக்கொண்டு டெர்சாகி வளைவைப் பொருத்தினால், தொடக்கத்தில் மெதுவாகவும் பிற்பாதியில் வேகமாகவும் பிழை வரும்.

2004இல் வெளியான மற்றோர் ஆய்வு இதே தளத்தின் தரவுகளை மீண்டும் எடுத்தது. இம்முறை ஒரு பரிமாணத்தோடு நிற்கவில்லை. நீரோட்டத்தை முதலில் தீர்த்து, ஒவ்வொரு காலப்படியிலும் கிடைத்த உறிஞ்சழுத்த மாற்றத்தைத் தகைவு–உருமாற்றக் கணக்குக்கு உள்ளீடாகக் கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று பாதிப்பதைச் சேர்த்தே தீர்க்கும் பிணைந்த முறையைவிட இது எளிது. மீள்தன்மைக் குணகங்களை மாறிலிகளாக வைக்காமல், வீக்கக் குறியெண்ணிலிருந்து வருவித்து, உறிஞ்சழுத்தத்தோடு மாறும் சார்புகளாக எழுதினார்கள். 1961இல் பதித்த அளவிகள் நாற்பதாண்டுக்குப் பின் வந்த கணினி மாதிரியைச் சரிபார்க்கப் பயன்பட்டன.

மீண்டும் செய்தால்

தரைத்தளத்துக்கு அடியில் அழுத்தநீர்க் குழாயைப் புதைப்பதையே வீங்கும் மண்ணில் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாத இடத்தில் உறைக்குழாய்க்குள் வைத்து, அதன் முனை வெளியே ஓர் ஆய்வுக்குழியில் திறக்குமாறு விட்டால், கசிவு முதல் நாளே கண்ணில் படும். ரெஜைனாவில் தண்ணீர்ச் செலவுதான் துப்புக் கொடுத்தது. அதற்குள் தளம் எழுந்துவிட்டது.

மாதிரி எழுதுகிறவர் ஒற்றை விடை தரக்கூடாது. முடிவு உறிஞ்சழுத்தத்துக்குக் குறைந்தது இரண்டு மதிப்புகளை வைத்து, கசிவு உள்ள நிலை, கசிவு இல்லாத நிலை என இரு எழுச்சிகளை எழுதித் தர வேண்டும். மென்பொருளின் வலைப்பின்னலை நுணுக்குவதில் செலவாகும் நேரத்தில் பாதியை, எல்லை நிபந்தனையை முடிவு செய்வதில் செலவிட்டால் பலன் கூடும். கட்டடத்தின் ஓரத்தில் தோட்டம் வருமா, கழிவுநீர் எப்பக்கம் போகிறது, கூரைநீர் எங்கே விழுகிறது என்பவை கட்டடக் கலைஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். அவற்றின் பதில்களே கணிதத்தின் எல்லை நிபந்தனைகள்.

நம் கரிசல் பகுதிகளுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த, அடியில் குமிழ் விரிந்த தூண் அடித்தளம் இந்தியத் தர நிர்ணயம் 2911இன் மூன்றாம் பகுதியில் இடம்பெற்று, கரிசலில் பல காலமாக நடைமுறையில் இருக்கிறது. சுவர்களையும் தூண்களையும் அது காக்கிறது. ஆனால் தரைத்தளம் பெரும்பாலும் மண் மீதே விடப்படுகிறது. ரெஜைனாவில் உடைந்தது அந்தத் தளம்தான். மண் அறிக்கைகளிலோ, தடையில்லா வீக்கக் குறியீடு என்ற ஓர் எண்ணோடு விஷயம் முடிந்துவிடுகிறது. 10 கிராம் மண்பொடியை நீரிலும் அதே அளவை மண்ணெண்ணெயிலும் போட்டு, ஒரு நாள் கழித்துக் கன அளவுகளை ஒப்பிடும் சோதனை அது. மண் வீங்கும் இனமா என்று அது சொல்லும். பொடியாக்கிய மண்ணுக்குத் தன் பழைய உறிஞ்சழுத்தமும் இல்லை, கட்டமைப்பும் இல்லை, எத்தனை மி.மீ. எழும் என்ற கணக்குக்கு அதிலிருந்து எந்த உள்ளீடும் கிடைக்காது. இந்தியத் தர நிர்ணயம் 2720இன் 41ஆம் பகுதியிலேயே வீக்க அழுத்தச் சோதனை இருக்கிறது. குலையாத மாதிரியில், இரண்டு மூன்று ஆழங்களில், கோடையின் உச்சத்தில் எடுத்து அதைச் செய்தால் தொடக்க நிலை கைக்கு வந்துவிடும். எழுச்சியைக் கையாலேயே ஒரு தாளில் கணக்கிட்டு, தளத்தை மண்ணைத் தொடாத தொங்குதளமாக அமைப்பதா, மண்ணை மாற்றுவதா என்பதை அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே முடிவு செய்யலாம்.